கவுன்சில் வீட்டு வரிசையில் யார் முன்னால், யார் பின்னால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற மண்டபத்தின் பின் அறையில், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வரும் பெற்றோருக்குக் கவுன்சில் கடிதங்களை வாசித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பல வருடமாக. பார்க்கிங் தண்டம், பள்ளிக்கூட அனுமதி எல்லாம் வரும், ஆனால் பாதிக்கு மேல் வீட்டுப் பிரச்சினைதான், அதாவது கவுன்சில் என்கிற உள்ளூராட்சி சபை குறைந்த வாடகைக்குக் கொடுக்கிற வீடு பற்றியது. அதிலும் திரும்பத் திரும்ப ஒரே மனக்குறை: "எனக்கு முன்னுரிமை தரவில்லை, மற்றவருக்குக் கொடுத்துவிட்டார்கள்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு. நான் வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றம் வரை போகிற விஷயமென்றால் வீட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

நான் 2012-ல் பதிந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் 2021-ல்தான் பதிந்தார், அவருக்கு வீடு கிடைத்துவிட்டது. எப்படி?

பெரும்பாலும் சட்டப்படிதான் கிடைத்திருக்கும். இது ஊரில் சங்கக்கடை வாசலில் விடியற்காலை பையை வைத்து இடம் பிடிக்கிற வரிசை இல்லை. நாம் எல்லோரும் "வெயிட்டிங் லிஸ்ட்" என்று சொல்லிச் சொல்லி, காத்திருந்தால் நம் முறை வரும் என்று நம்பிவிட்டோம். வராது. தேவையின் அவசரத்தைப் பார்த்துக் கவுன்சில் போடுகிற படிதான் பேண்ட். பத்து வருடம் கடைசி பேண்டில் இருந்தவர் பதினோராவது வருடமும் அங்கேயேதான் இருப்பார்.

1996-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் ஐந்து வகையினருக்கு நியாயமான முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. வீடற்றவர்கள், வீடற்றோர் சட்டத்தின் கீழ் கவுன்சில் பொறுப்பேற்றுக்கொண்டவர்கள், நெரிசலான, சுகாதாரமில்லாத, வசிக்கத் தகாத வீட்டில் இருப்பவர்கள், நோய், ஊனம், நலன் காரணமாக வீடு மாற வேண்டியவர்கள், குறிப்பிட்ட ஒரு பகுதிக்குப் போகாவிட்டால் கடும் கஷ்டத்துக்கு உள்ளாகிறவர்கள். இந்த ஐந்துக்குள் எதிலாவது நீங்கள் விழ வேண்டும். விழுந்த பிறகு எந்த பேண்ட் என்பதை உங்கள் கவுன்சிலின் சொந்த விதித்தொகுப்பு முடிவு செய்யும். பேண்டுகள் ஏ, பி, சி என்றோ 1, 2, 3 என்றோ இருக்கும். ஒரே பேண்டில் இரண்டு பேர் இருந்தால் அப்போதுதான் தேதி வேலை செய்யும். அதோடு அவருக்கு இரண்டு படுக்கையறை தேவை, உங்களுக்கு நான்கு என்றால் நீங்கள் இருவரும் ஒரே வரிசையிலேயே இல்லை. நான்கு அறை வீடு காலியாவது அவ்வளவு அபூர்வம்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கிற காரணம் வீடு இல்லை என்பதுதான். 2024 மார்ச் முடிவில் இங்கிலாந்து முழுவதும் இந்தப் பட்டியல்களில் இருந்த குடும்பங்கள் சுமார் 13 லட்சத்து 30 ஆயிரம். 1980-ல் வந்த சட்டத்தின்படி கவுன்சில் வீடுகளை அதில் இருந்தவர்களுக்கே கழிவு விலையில் விற்றார்கள், கிட்டத்தட்ட 20 லட்சம் வீடுகள் போய்விட்டன, அந்த அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரில் கோபப்பட்டு என்ன பலன்?

என் பேண்ட் சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கவுன்சிலின் ஒதுக்கீட்டு விதித்தொகுப்பை எடுங்கள். ஒவ்வொரு கவுன்சிலும் அதை எழுதி வைத்திருக்க வேண்டும், யார் கேட்டாலும் பார்க்கக் கொடுக்க வேண்டும், அதில் எழுதியிருப்பதற்கு மாறாக ஒரு வீட்டைக்கூட ஒதுக்க முடியாது. எழுபது எண்பது பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். பேண்ட் அட்டவணை வருகிற நாலைந்து பக்கத்தை மட்டும் அச்சிட்டு எடுத்து, உங்களுக்குப் பொருந்துகிற வரியைக் கோடு போடுங்கள். ஈஸ்ட்ஹாமில் இருக்கிற அக்கா சொன்னார், ஹரோவில் இருக்கிற மச்சான் சொன்னார் என்பது இங்கே உதவாது. ஈஸ்ட்ஹாம் இருக்கிற நியூஹாம் கவுன்சிலின் விதி நியூஹாமுக்கு, ஹரோ கவுன்சிலின் விதி ஹரோவுக்கு. ஒரே நிலைமையில் இருக்கிற இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு கவுன்சிலில் இரண்டு விதமான பேண்ட் கிடைப்பது வழக்கம்.

நம் ஆட்கள் கடிதம் எழுதும்போது நான் பார்க்கிற பெரிய பிழை இதுதான். இரண்டு பக்கத்துக்கு அழுகிறோம். "தயவு செய்து கருணை காட்டுங்கள், பிள்ளைகள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள், கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்." அந்தக் கஷ்டம் உண்மை, எனக்குத் தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கருணை காட்ட அதிகாரம் இல்லை. விதியின் எந்தப் பத்திக்குள் நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னால்தான் அவர் எதையாவது மாற்ற முடியும்.

தேதி என்கிறீர்களே, எந்தத் தேதி?

இந்தக் கேள்வியை நூறு பேரில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. ஆனால் வெல்லக்கூடிய சண்டைகளில் பாதி இங்கேதான் கிடக்கிறது.

நீங்கள் பதிந்த தேதி ஒன்று. இப்போதிருக்கிற பேண்டுக்குள் வந்த தேதி இன்னொன்று. பல கவுன்சில்களில் இரண்டாவதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதாவது 2012-ல் பதிந்து, 2022-ல் உங்களை பேண்ட் பி-க்கு உயர்த்தினால், பி-க்குள் உங்கள் தேதி 2022. பத்து வருடம் போய்விட்டதே என்று நெஞ்சு பதறும், ஆனால் அதுவே விதியென்றால் அதுவே விதி.

அந்த இரண்டாவது தேதியைப் போடுவதில்தான் தவறு நடக்கிறது. ஒரு அம்மா பிளாஸ்டிக் கோப்பு ஒன்றோடு வந்தார், தேயிலைக் கறை பிடித்த கோப்பு, ஆனால் உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட விடாமல் அடுக்கியிருந்தார். மகனுக்குக் கடுமையான ஆஸ்துமா. ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கவுன்சிலுக்கு மார்ச் மாதம் கொடுத்திருக்கிறார். கவுன்சில் அதைப் பார்த்து பேண்டை உயர்த்தியது நவம்பரில். தேதியும் நவம்பர் என்று போட்டிருந்தார்கள். விதித்தொகுப்பில் என்ன இருந்தது? தேவையை நிரூபிக்கும் ஆதாரம் கிடைத்த நாளிலிருந்து என்று. அவர் மார்ச்சில் கடிதத்தை நேரில் கொடுத்தபோது வாங்கின ரசீது, கட்டைவிரல் அளவு காகிதம், கோப்பின் கடைசிப் பையில் இருந்தது. ரிவியூ கேட்டு, அதாவது முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி, அரைப்பக்கம் எழுதினோம். தேதி எட்டு மாதம் பின்னோக்கி, மார்ச்சுக்குப் போனது. எட்டு மாதம் என்றால் அந்தப் பட்டியலில் அவருக்கு முன்னால் நின்ற எத்தனையோ பேரைத் தாண்டிவிட்டார்.

ஆகவே எதைக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள், இணையத்தில் ஏற்றினால் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

இரண்டு பிள்ளைகளோடு ஒரு படுக்கையறையில் இருக்கிறோம். நெரிசல் இல்லை என்கிறார்கள்!

நெரிசலுக்கு இரண்டு அளவுகோல் இருக்கிறது, அதைத் தெரியாமல் சண்டை போட்டால் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைக் கதைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதன் வேர் 1930-களில். அந்தக் கணக்கில் இருக்கை அறையும் படுக்கும் அறைதான். ஒரு வயதுக்குக் கீழ்க் குழந்தைக்குக் கணக்கே இல்லை, ஒன்று முதல் பத்து வயதுக்குள் இருப்பவர் அரை ஆள். இரண்டு அறையில் மூன்று ஆட்கள் இருக்கலாம். நீங்கள் இருவர், 9 வயதில் ஒரு பிள்ளை, 6 வயதில் ஒரு பிள்ளை: இரண்டு, அரை, அரை, மொத்தம் மூன்று. சட்டப்படி நெரிசல் இல்லை! மூத்தவருக்குப் பத்து வயது நிறைகிற அன்று மூன்றரை ஆகிவிடும், அன்றைக்கு நெரிசல். கேக் வெட்டுகிற நாளிலேயே கவுன்சிலுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பத்து வயது நிறைந்த, தம்பதி அல்லாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்கக் கூடாது என்ற விதியும் உண்டு, ஆனால் அப்பாவும் மகனும் இருக்கை அறையில், அம்மாவும் மகளும் படுக்கையறையில் என்று பிரிக்க முடிந்தால் அந்த விதி மீறப்படவில்லை என்றுதான் எடுப்பார்கள். மனிதர் வாழ்கிற விதத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை, மாற்ற வேண்டிய சட்டம் இது. அதோடு அறையின் பரப்பையும் அளப்பார்கள், 50 சதுர அடிக்குக் குறைந்த அறை கணக்கிலேயே வராது. அந்தச் சின்ன அறையை நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்.

இரண்டாவது அளவுகோல் படுக்கையறைக் கணக்கு. 2012-ல் அரசு வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் பரிந்துரைத்தது: தம்பதிக்கு ஒரு அறை, 21 வயது நிறைந்த மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு அறை, 10 முதல் 20 வயதுக்குள் ஒரே பாலினத்தவர் இருவருக்கு ஒன்று, பத்துக்குக் கீழ் எந்த இருவருக்கும் ஒன்று. இதன்படி உங்களுக்கு ஒரு படுக்கையறை குறைவு. பெரும்பாலான கவுன்சில்கள் இரண்டையும் வைத்திருக்கும், ஒரு அறை குறைந்தால் ஒரு பேண்ட், இரண்டு குறைந்தால் அதற்கு மேல், சட்டப்படியான நெரிசல் என்றால் இன்னும் மேல் என்று. எந்த அளவுகோலில் உங்களை அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேண்ட் உயரும் என்று நினைத்து வேண்டுமென்றே சின்ன வீட்டுக்கு மாறாதீர்கள், தம்பி குடும்பத்தையும் கூட்டி வந்து வைத்துக்கொள்ளாதீர்கள். நிலைமையைத் தானே கெடுத்துக்கொண்டவர் என்று முன்னுரிமையைக் குறைக்கிற விதி பல இடங்களில் இருக்கிறது.

டொக்டர் கடிதம் கொடுத்தும் மருத்துவ முன்னுரிமை மறுத்துவிட்டார்கள். ஏன்?

கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "இவருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி இருக்கிறது, வீடு மாற உதவினால் நல்லது" என்று மூன்று வரி இருக்கும். கவுன்சிலின் மருத்துவ ஆலோசகர் உங்களை நேரில் பார்க்கமாட்டார், பெரும்பாலும் அந்தக் காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார். அவர் தேடுவது நோய் எவ்வளவு பெரியது என்பதை அல்ல. இந்த வீடு அந்த நோயை எப்படிக் கூட்டுகிறது, வேறு வீடு கிடைத்தால் எது மாறும் என்பதைத்தான் தேடுகிறார். புற்றுநோய் வந்தவருக்கும் மறுத்திருக்கிறார்கள், கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால்.

இப்படி இருக்க வேண்டும்: லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, 46 படி. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு தடவை ஏற இருபது நிமிடம் ஆகிறது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறுகிறார், போன குளிர்காலத்தில் இரண்டு தடவை விழுந்தார், அதனால் வாரத்தில் ஐந்து நாள் வெளியே போவதே இல்லை. படியை உண்மையாகவே எண்ணுங்கள். ஜிபி-க்கு, அதாவது உங்கள் குடும்ப டொக்டருக்கு, இதெல்லாம் தெரியாது, நீங்கள்தான் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறீர்கள் என்று வீட்டுக்கு வந்து பார்க்கிற ஆக்குபேஷனல் தெரப்பிஸ்டின் அறிக்கை கிடைத்தால் ஜிபி கடிதத்தைவிடப் பலம். பூஞ்சை, ஈரம் என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை வரவழைத்து வீட்டைப் பரிசோதிக்கச் செய்யுங்கள், தனியார் வீட்டுக்கும் வருவார்கள். அவர்கள் கடும் ஆபத்து என்று பதிந்த அறிக்கை உங்கள் கையில் இருந்தால் நிலைமை வேறு.

எனக்கு நோயும் இருக்கிறது, நெரிசலும் இருக்கிறது, மகனுக்கு ஆட்டிசமும் இருக்கிறது. மூன்றையும் கூட்டி மேலே போட வேண்டாமா?

நியாயமாகப் பார்த்தால் போடத்தான் வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நம்மவர்கள் நிறைய இருக்கிற நியூஹாமிலிருந்தே இப்படி ஒரு வழக்கு, அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. பல விதமான தேவைகள் ஒன்றாகச் சேர்ந்த ஒரு குடும்பம், அதே பெரிய பிரிவில் இருக்கிற மற்றவர்களோடு தங்களையும் காத்திருந்த காலத்தை வைத்தே வரிசைப்படுத்துவது பிழை என்று வாதாடியது. 2009 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: நியூஹாமின் முறை சட்டவிரோதம் இல்லை, முன்னுரிமையை எப்படிப் பங்கிடுவது என்பதில் நீதிமன்றம் எளிதில் கைவைக்கக் கூடாது.

அதனால் "என் தேவை அவருடையதைவிடப் பெரியது" என்ற வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் தோற்போம். "உங்கள் விதியை நீங்களே பின்பற்றவில்லை" என்பதுதான் நிற்கிற வாதம். சில கவுன்சில்களின் விதியில் பல தேவைகள் சேர்ந்தால் ஒரு பேண்ட் உயர்த்தலாம் என்று ஒரு வரி இருக்கும், இல்லாவிட்டால் விதிவிலக்கான சூழ்நிலையில் மேலதிகாரி முடிவெடுக்கலாம் என்று இருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இத்தனை வருடம் இந்தப் பகுதியில் இருக்கவில்லை என்று பட்டியலிலேயே சேர்க்கவில்லை. என்ன செய்யலாம்?

2011-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு யாரைச் சேர்ப்பது என்பதைக் கவுன்சிலே தீர்மானிக்கலாம். 2013-ல் அரசு குறைந்தது இரண்டு வருட வசிப்பைக் கேட்கச் சொன்னது, சில கவுன்சில்கள் அதைவிட நீட்டிவிட்டன. லண்டனின் ஹிலிங்டன் கவுன்சில் பத்து வருடம் கேட்டது. அகதியாக வந்தவர் பத்து வருடத் தொடர் வசிப்புக்கு எங்கே போவார்? துருக்கியிலிருந்து வந்த ஒரு குர்திஷ் அகதியும் இடம் பெயர்ந்து வாழும் மரபுள்ள ஐரிஷ் டிராவலர் சமூகத்தவர் ஒருவரும் வழக்குப் போட்டார்கள். 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விதி பிரிட்டன் குடியுரிமை இல்லாதவர்களையும் டிராவலர்களையும் மறைமுகமாகப் பாகுபடுத்துகிறது, அதற்குக் கவுன்சில் போதிய நியாயம் காட்டவில்லை என்று சொன்னது. நம் சமூகத்தில் அகதி அந்தஸ்தோடு இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வேறு பகுதிக்கு வந்த பெண்களை வசிப்பு வருடத்தைக் காட்டித் தடுத்ததும் 2015-லேயே ஈலிங் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் தோற்றது.

விசா எப்படி இருந்தால் பதியலாம்?

பிரிட்டிஷ் குடியுரிமை, அகதி அந்தஸ்து, மனிதாபிமானப் பாதுகாப்பு, நிபந்தனையில்லாத நிரந்தர வசிப்பு: இவை சரி. புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் பதிய முடியாது. அரச நிதி உதவி பெற முடியாது என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால் விண்ணப்பிக்கவே வேண்டாம், கவுன்சில் வீடு ஒதுக்கீடு அந்த நிபந்தனைக்குள் வருகிறது, அது பின்னால் விசாவையே பாதிக்கலாம். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து கடவுச்சீட்டோடு வந்தவர்களுக்கு செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பியருக்குக் கொடுக்கிற நிரந்தர வசிப்பு, இருந்தால் பிரச்சினை இல்லை. அதற்கு முந்தின தற்காலிகப் படியான ப்ரீ-செட்டில்ட் என்றால் அது மட்டும் போதாது, வேலை செய்கிறவர் என்பது போன்ற ஒரு வசிப்புரிமையையும் காட்ட வேண்டும்.

வீடற்றவராக ஏற்றுக்கொண்டு தற்காலிக வீட்டில் வைத்திருக்கிறார்கள். இப்போது தனியார் வீடு ஒன்றைக் காட்டுகிறார்கள். எடுத்தால் பட்டியல் என்ன ஆகும்?

அவசரப்பட்டு எடுக்கவும் வேண்டாம், அவசரப்பட்டு மறுக்கவும் வேண்டாம். 2012 நவம்பரிலிருந்து கவுன்சில் உங்களுக்கு உள்ள முழுப் பொறுப்பையும் தகுந்த ஒரு தனியார் வாடகை வீட்டைக் காட்டியே முடித்துக்கொள்ளலாம். பொறுப்பு முடிந்தால் வீடற்றவர் என்பதால் கிடைத்த முன்னுரிமையும் அதோடு போகும். வேறு காரணத்தால், உதாரணத்துக்கு மருத்துவக் காரணத்தால், ஏற்கெனவே பேண்ட் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மறுத்தால்? வீடு தகுந்தது என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் தற்காலிக வீடும் போய்விடும். இந்த இடத்தில் நிறையப் பேருக்குத் தெரியாத உரிமை ஒன்று இருக்கிறது: சாவியை வாங்கிக் குடிபோய்க்கொண்டே, இது எங்களுக்குத் தகுந்த வீடு இல்லை என்று 21 நாளுக்குள் ரிவியூ கேட்கலாம். அது தோற்றால் சட்டப் பிழை இருக்கிறதென்று மாவட்ட நீதிமன்றத்துக்கு, அதாவது கவுண்டி கோர்ட்டுக்கு, போகலாம், அதற்கும் 21 நாள்தான்.

ரிவியூ எப்படிக் கேட்பது? கம்ப்ளெய்ன்ட் போட்டால் போதாதா?

போதாது, இரண்டும் வேறு. கம்ப்ளெய்ன்ட் என்றால் உங்களை நடத்திய விதம் பற்றி. ரிவியூ என்றால் முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்வது. அந்தச் சொல்லையே கடிதத்தின் முதல் வரியில் போடுங்கள். 1996 சட்டத்தின் 166ஏ(9) பிரிவின் கீழ், உங்கள் விஷயத்தில் எந்த உண்மைகளைக் கணக்கில் எடுத்தார்கள் என்று அறியவும், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கவும், காரணங்களோடு பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒதுக்கீட்டு ரிவியூவுக்குச் சட்டத்தில் நாள் கணக்கு இல்லை, ஆனால் கவுன்சில் விதிகளில் வழக்கமாக 21 நாள் என்று இருக்கும். முடிவுக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நாட்காட்டியில் குறியுங்கள். ஆதாரம் சேர்க்க நேரம் வேண்டுமென்றால், ரிவியூ கேட்கிறேன், ஆதாரம் பின்னால் வரும் என்று இரண்டு வரி முதலில் அனுப்பிவிடுங்கள். திரும்பப் பார்க்கிறவர் முதல் முடிவை எடுத்தவராக இருக்கக் கூடாது, அவரைவிட மேல்நிலையில் இருக்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். என்ன முடிவு, எந்தத் தேதி. உங்கள் விதித்தொகுப்பின் இத்தனையாம் பத்தி இப்படிச் சொல்கிறது. என் நிலைமை இது, ஆதாரம் இது. ஆகவே என்னை இந்த பேண்டில், இந்தத் தேதியிலிருந்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதோடு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய முழுக் கோப்பையும் கேட்டு வாங்கலாம், காசு இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். "மருத்துவக் கடிதம் இல்லை" என்று மறுத்தவர்களின் கோப்பிலேயே அந்தக் கடிதம் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரிவியூவும் தோற்றுவிட்டது. இனி?

ஒதுக்கீட்டு விஷயத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது. நீதிப் பேராணை வழக்கு, அதாவது ஜுடிஷியல் ரிவியூ, மட்டும்தான். தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவிப் பணம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வழக்கறிஞரின் முன்னறிவிப்புக் கடிதம் போனவுடனேயே கவுன்சில் இறங்கி வந்து முடிவை மாற்றுவதும் உண்டு.

தாமதம், தொலைந்த ஆவணம், சொந்த விதியைப் பின்பற்றாதது என்றால், கவுன்சிலின் புகார் நடைமுறையை முடித்துவிட்டு, கவுன்சில்கள் மீதான புகாரைத் தனியாக விசாரிக்கிற உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள். செலவில்லை. விஷயம் தெரிய வந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். பேண்டை அவர் நேரடியாக மாற்றமாட்டார், ஆனால் தேதியைப் பின்னோக்கி மாற்றவும், திரும்பப் பார்க்கவும், இழப்பீடு கொடுக்கவும் பரிந்துரைப்பார், கவுன்சில்கள் பெரும்பாலும் கேட்கும். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள், உங்கள் பகுதிச் சட்ட நிலையம் இவற்றிலும் இலவச ஆலோசனை கிடைக்கும்.

எம்.பி. கடிதம் கொடுத்தால் மேலே போகலாமா? ஒருவர் காசு கேட்கிறார், எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

எம்.பி. கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும், பேண்ட் உயராது. கவுன்சிலர்களைப் பொறுத்தவரை, தங்கள் வட்டாரத்து வீடுகளையும் ஆட்களையும் பற்றிய ஒதுக்கீட்டு முடிவில் அவர்கள் இருக்கவே கூடாது என்று 1997-லிருந்து விதி.

காசு கேட்பவரிடம் ஒரு பென்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பதிவது இலவசம், பிட் பண்ணுவது, அதாவது காலியான வீடு ஒன்றைக் காட்டும்போது எனக்கு வேண்டும் என்று பதிவது, இலவசம், ரிவியூ இலவசம். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் மொழி பேசிக்கொண்டு நம்மையே ஏமாற்றுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

யாழ்ப்பாணத்தில் அப்பா எழுதி வைத்த வீடு இருக்கிறது. அண்ணாவின் மோர்ட்கேஜிலும் என் பெயர் இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். பொய் சொல்வதும், கேட்ட விவரத்தை மறைப்பதும் அதே சட்டத்தின் 171-ஆம் பிரிவின்படி குற்றம், வீடு கிடைத்த பிறகு தெரிய வந்தால் அந்த வீட்டையே பறிக்கலாம். சொன்னால் உடனே தள்ளிவிடுவார்கள் என்று இல்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், விற்க முடியுமா, உங்கள் பங்கு எவ்வளவு என்று விளக்கி, உறுதியின் மொழிபெயர்ப்போடு கொடுங்கள். அண்ணாவுக்குக் கடன் கிடைக்கப் பெயர் மட்டும் கொடுத்தேன் என்பது நம் குடும்பங்களில் சாதாரணம், ஆனால் காகிதத்தில் நீங்கள் இங்கே வீட்டுச் சொந்தக்காரர். அதை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அந்த நாட்டுக்காரருக்கெல்லாம் உடனே கொடுக்கிறார்களாமே?

இதை ஒவ்வொரு சமூகமும் இன்னொரு சமூகத்தைப் பற்றிச் சொல்கிறது. நம்மைப் பற்றியும் சொல்கிறார்கள். பல கவுன்சில்கள் ஒவ்வொரு வீடும் எந்த பேண்டில், எந்தத் தேதி உள்ளவருக்குப் போனது, எத்தனை பேர் பிட் பண்ணினார்கள் என்று பெயர் இல்லாமல் வெளியிடுகின்றன. போன மூன்று மாத முடிவுகளை உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பேண்டுக்கு எந்தப் பகுதியில், எந்த மாதிரி வீடு விழுகிறது என்பதும் அதிலேயே தெரியும். எல்லோரும் தரைத்தளத் தோட்ட வீட்டுக்கே பிட் பண்ணும்போது, மேல்மாடியை ஏற்றுக்கொள்ளக்கூடியவருக்கு வாய்ப்புக் கூட. வெளியிடாத கவுன்சிலிடம் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம், 20 வேலை நாளில் பதில் வர வேண்டும்.

வாடகை பாக்கி இருந்தால்?

பல இடங்களில் நிறுத்தி வைப்பார்கள். தவணை ஒப்பந்தம் போட்டு ஒழுங்காகக் கட்டி, அதைக் காட்டி நிறுத்தத்தை எடுக்கச் சொல்லலாம்.

எனக்கு ஆங்கிலம் போதாது. மகள் நன்றாகப் பேசுவாள், அவளைக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போக வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். நான் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 11 வயதுப் பிள்ளை, பள்ளிச் சீருடையோடு, அம்மாவுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், ஏன் எழும்புகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். அம்மா தமிழில் மெதுவாகச் சொன்னார், தனக்குச் சிறுநீர் நிற்காது, கீழ் மாடிக் கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி இரவு உடுப்பு நனைந்துவிடுகிறது என்று. பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், பிறகு அதிகாரியிடம் "அம்மாவுக்கு நித்திரை சரியில்லையாம்" என்று மட்டும் சொன்னாள். அதிகாரியும் அதையே எழுதினார். மருத்துவ முன்னுரிமை கிடைக்கவில்லை. அடுத்த தடவை தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு போனோம், அதே அம்மா அதே விஷயத்தைச் சொன்னார், இரண்டு மாதத்தில் பேண்ட் மாறியது.